தட்டிலிருந்து தலைக்கு: கேள்வி-பதில்

குடும்பத்தலைவி, கும்பகோணம்
பசித்தால் என் வீட்டுக்காரர் எரிந்து விழுகிறார். சாப்பிட்டதும் தங்கமான மனுஷன். எதை நம்புவது?

தங்கத்தை நம்புங்கள். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால், அதை ஏற்ற உடம்பு அட்ரினலினைக் கிளப்பும். அட்ரினலின் வந்தால் வாய் சும்மா இருக்காது. அம்மா வீட்டுக்குப் போகிற விஷயத்தை இலை எடுத்த பிறகு ஆரம்பியுங்கள்.

அவர் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால் கதை வேறு. திடீர்க் கோபத்தோடு வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கக் கொடுங்கள். யார் சொன்னது சரி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ப்ளஸ் டூ மாணவி, நாமக்கல்
வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வருமா?

வெண்டைக்காயில் ஃபோலேட் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது. வகை நுண்கணிதம் இல்லை. பொரியலையும் சாப்பிடு, பயிற்சி 5.3-ஐயும் போடு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சீர்காழி
வயது 62. பிறவிச் சைவம். பெயர் மறக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, ராத்திரியில் பாதம் எரிகிறது. வீட்டில் 'வயசாச்சு' என்று முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

முடித்தவர்கள் யார், டாக்டரா? இல்லையென்றால் தீர்ப்பு செல்லாது.

நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பாருங்கள். சொரசொரப்பு போய் வழுவழுவென்று சிவந்திருக்கிறதா? காரம் பட்டால் சுரீர் என்கிறதா? கண்ணை மூடி நின்றால் தள்ளாடுகிறதா? இதெல்லாம் வைட்டமின் பி12 குறைந்தால் வரக்கூடியவை. மறதி, மனச்சோர்வு, சந்தேகம், சிலருக்குப் புத்தி பேதலிப்பு வரைகூட அது கொண்டுபோகும். நரம்பின் மேலுறை பழுதாகாமல் இருக்க இந்தச் சத்து வேண்டும்.

இது செடிகொடியில் கிடைக்காது. முருங்கைக்கீரையை மூட்டையாகச் சாப்பிட்டாலும் வராது. சாப்பாட்டில் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி மட்டுமே வழி. வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து, உள்ளே போனதும் சரியாக உறிஞ்சப்படாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒரு மாத்திரை என்று வருஷக்கணக்கில் ஓடுகிறவர்களுக்கு இன்னும் குறையும்.

ஒரு காலத்தில் பி12 உறிஞ்ச முடியாதவர்களுக்கு வரும் ரத்தசோகை ஆளையே கொன்றது. 1926-ல் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் தினமும் ஈரலைச் சாப்பிட வைத்தே நோயாளிகளைப் பிழைக்க வைத்தார்கள். 1934-ல் விப்பிள் என்ற இன்னொரு டாக்டரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் கிடைத்தது. ஈரலுக்குள் இருந்த சத்து பி12 என்பது பிறகுதான் தெரிந்தது.

உங்களுக்கு ஈரல் வேண்டாம். ரத்தப் பரிசோதனை போதும். குறை தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ தருவார்கள். ஒன்றே ஒன்று: நீங்களாகக் கடையில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் தேறியது போலக் காட்டும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். நரம்பு விஷயத்தில் தாமதித்தால் முழுசாகத் திரும்பாது. இந்த வாரமே போங்கள், சார்.

பெயர் வெளியிட விரும்பாத தயிர்சாதப் பிரியர், ஸ்ரீரங்கம்
தினமும் தயிர்சாதம் சாப்பிடுகிறேன். பி12-க்குப் போதாதா?

ஒரு டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் தேறும். நாளொன்றுக்கு 2-க்குச் சற்று மேல் வேண்டும். உறைந்த தயிர் என்றால் கணக்கில் சேரும். கல்யாண வீட்டு மோர் சேராது.

இளம் தாய், கோயம்புத்தூர்
பிறந்தநாள் கேக் சாப்பிட்டால் என் பையன் ஆடித் தீர்க்கிறான். சர்க்கரைதானே காரணம்?

பத்துப் பிள்ளைகள், பலூன், பாட்டு, திட்டாத அப்பா. இவ்வளவு இருக்க, பழி மட்டும் சர்க்கரைக்கா? 1995-ல் 23 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தையும் கவனமும் மாறியதாகத் தெரியவில்லை.

அதற்கு முந்தைய வருஷம் நடந்த சோதனை இன்னும் ருசியானது. 5 முதல் 7 வயதுப் பையன்கள் எல்லாருக்கும் சர்க்கரையே இல்லாத இனிப்பைக் கொடுத்தார்கள். பாதி அம்மாக்களிடம் மட்டும் 'சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். அந்த அம்மாக்கள்தான் 'ஐயோ, என்ன ஆட்டம்!' என்று எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளையை அதிகம் குறை சொன்னதும் அவர்களே.

பல்லுக்காகவும் எடைக்காகவும் கேக்கைக் குறையுங்கள். பையன் பெயரைக் கெடுக்காதீர்கள்.

பெட்டிக்கடைக்காரர், கடலூர்
கலர் மிட்டாய் பிள்ளைகளின் கவனத்தைக் கெடுக்கும் என்கிறார்களே?

இதில் விஷயம் இருக்கிறது. 2007-ல் இங்கிலாந்தின் சௌத்தாம்டனில் செய்த ஆய்வில், சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த பானம் குடித்த பிள்ளைகளில் சிலருக்குத் துறுதுறுப்பு கூடியது. விளைவு சிறியது, எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. ஆனாலும் 2010 முதல் ஐரோப்பாவில் ஆறு நிறங்களுக்கு டப்பாவிலேயே எச்சரிக்கை போடச் சொல்லிவிட்டார்கள்.

2024-ல் தமிழ்நாட்டில் தடையான பஞ்சுமிட்டாய் வேறு வழக்கு. அதில் கலந்திருந்த ரோடமைன் பி, துணிக்குப் போடும் சாயம். அதை விற்காததற்கு உங்களுக்கு நன்றி. விற்றிருந்தால் நிறுத்தியதற்கு நன்றி.

வங்கி ஊழியர், மயிலாப்பூர்
இரவு 8 மணிக்கு ஃபில்டர் காபி. 10 மணிக்குப் படுத்தால் உடனே தூக்கம். காபி என்னை ஒன்றும் செய்யவில்லை என்பது சரிதானே?

நீங்கள் தூங்குகிறீர்கள். டிகாஷன் தூங்கவில்லை. நாள் முழுக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேரத்தான் தூக்கம் தள்ளும். காஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வழியை மறிக்கும். குடித்ததில் பாதி கழியவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். உங்கள் 8 மணிக் காபியில் பாதி, ராத்திரி ஒரு மணிக்கும் ரத்தத்தில் சுற்றுகிறது.

படுக்க 6 மணி நேரம் இருக்கும்போது 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துப் பார்த்தது 2013-ல் வந்த ஓர் ஆய்வு. தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. குறைந்தது தூங்கியவர்களுக்கே தெரியவில்லை. மறுநாள் கவுண்டரில் வரும் எரிச்சலுக்கு வாடிக்கையாளரைக் குற்றம் சொல்லியிருப்பீர்கள்.

முதல் டிகாஷன் காலைக்கு. இரண்டாவது, மதியம் 2 மணிக்குள். காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறவர்கள், பயம் திடீரென்று கவ்வுகிறவர்கள், கொஞ்ச நாள் காபியைக் குறைத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். சிக்கரியில் காஃபீன் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்காளர், ராஜபாளையம்
விரதம் இருந்தால் தலையைப் பிளக்கிறது. பசி தாங்காத உடம்பா?

அன்றைக்குக் காபியும் இல்லைதானே? தினசரிக் குடிப்பவர் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சிடுசிடுப்பு, மந்தம் எல்லாம் வரும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலிலேயே அதற்குத் தனி இடம் இருக்கிறது. விரதத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். சாமி மீது கோபம் வராது.

வாட்ஸ்அப் குழு நிர்வாகி, தாம்பரம்
வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கிறது, இரண்டு சாப்பிட்டால் மனச்சோர்வு ஓடிவிடும் என்று வந்த செய்தியை அனுப்பலாமா?

பழத்தில் இருப்பது உண்மை. மூளைக்குப் போவது பொய். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. செரோடோனின் அதைத் தாண்டாது. உடம்பின் செரோடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உருவாகிறது, அதுவும் அங்கேயே வேலை பார்க்கிறது. பழத்தைச் சாப்பிடுங்கள், செய்தியை அழியுங்கள்.

கல்லூரி மாணவி, திருச்சி
எடை குறைக்க ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறேன். சும்மா சும்மா அழுகை வருகிறது. நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கிறேன். எனக்கு மனக் கட்டுப்பாடு போதாதா?

அம்மாடி, கேள். 1944-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். போருக்குப் போக மாட்டோம் என்று கொள்கையோடு நின்றவர்கள். உடல், மனம் இரண்டையும் சோதித்துத் திடகாத்திரமானவர்களையே எடுத்தார். 24 வாரம் பாதிச் சாப்பாடு, ஏறக்குறைய 1,570 கலோரி.

என்ன ஆயிற்று? சிரிப்பு நின்றது. நண்பர்கள் பேச்சைக் குறைத்தார்கள். தட்டை நக்கினார்கள். இதற்கு முன் அடுப்படிப் பக்கம் போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து, ராத்திரியில் உட்கார்ந்து படித்தார்கள். ஒருவர் கோடரியால் தன் கைவிரல்களையே வெட்டிக்கொண்டார்.

போரையே மறுக்கத் துணிந்தவர்களின் நெஞ்சுரத்தைப் பசி அப்படிக் கரைத்தது. உன் அழுகையும் அந்த வீடியோக்களும் பசியின் வேலை. உன்னிடம் எந்தக் குறையும் இல்லை. இன்றைக்கு மூன்று வேளை சாப்பிடு. மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ அம்மாவிடம் சொல்லி டாக்டரைப் பார். தள்ளிப்போடாதே.

பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்
எப்போதும் அசதி, எரிச்சல். ஊசியில் நூல் கோக்கும்போது கவனம் நிற்பதில்லை. பச்சரிசியைக் கண்டால் அள்ளி மெல்லத் தோன்றுகிறது. இது என்ன பழக்கம்?

இதைப் பழக்கம் என்று தள்ளாதீர்கள் தங்கச்சி, உடம்பு கொடுக்கும் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி, ஐஸ், விபூதி, செங்கல் தூள், சிலேட்டுக் குச்சி என்று மனசு ஓடினால் முதலில் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் கவனமும் குறையும், மனசும் தொய்யும். சூப்பர்வைசர் அதற்கு 'சோம்பேறி' என்று பெயர் வைப்பார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்ப்பார்கள், மாத்திரை இலவசம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு ஏறாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாக ஏறும். மாதப்போக்கு அதிகமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

வருமான வரி கட்டுபவர், அண்ணா நகர்
மதிய உணவு சரி. பள்ளியில் காலைச் சாப்பாடும் அரசாங்கமா போடணும்?

போடணும். வெறும் வயிற்றில் உட்கார்ந்த பிள்ளைக்கு முதல் பீரியட் காதில் ஏறாது. ஜமைக்காவில் சோதித்தார்கள்: காலைச் சாப்பாட்டை விட்டால் ஊட்டமான பிள்ளைகள் சமாளித்தார்கள், நோஞ்சான் பிள்ளைகள் தடுமாறினார்கள். ஆக, பட்டினியும் ஏழைப் பிள்ளையைத்தான் பார்த்து அடிக்கிறது.

பள்ளிச் சாப்பாட்டை 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது. 1956-ல் காமராஜர் மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவு தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளுக்குப் போனது. கட்சிகள் மாறின, கரண்டி கைமாறிக்கொண்டே வந்தது. உங்கள் வரிப்பணம் இதைவிட நல்ல இடத்துக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக் கட்டுங்கள்.

வாசகர், சேலம்
சத்துக் குறைந்தால் பைத்தியமே பிடிக்குமா?

பிடிக்கும். பிடித்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மனநோய் விடுதிகளில் பெல்லக்ரா நோயாளிகள் நிறைந்தார்கள். தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி கலங்கும், சாவு வரும். ஒட்டுவாரொட்டி என்றே எல்லாரும் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார்: விடுதியில் இருப்பவர்களுக்கு வருகிறது, அங்கேயே வேலை செய்பவர்களுக்கு வரவில்லை. கிருமிக்குப் பதவி தெரியுமா?

1915-ல் மிசிசிப்பி சிறையில் விடுதலைக்கு ஆசைப்பட்டு முன்வந்த 11 கைதிகளுக்கு மக்காச்சோள மாவே பிரதானமான சாப்பாடு போட்டார். 6 பேருக்கு நோய் வந்தது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, 1916-ல் நோயாளிகளின் ரத்தத்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார், அவர்களின் தோல் செதிலையும் மலத்தையும் உருண்டை பிடித்து விழுங்கினார். அவர் மனைவியும் ஊசி போட்டுக்கொண்டார். யாருக்கும் நோய் வரவில்லை. குறைந்த சத்து நியாசின் என்று 1937-ல் எல்வெஜெம் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தபோது கோல்ட்பெர்கர் உயிரோடு இல்லை.

தக்காணத்தில் வெள்ளைச் சோளம் உண்ட ஏழைகளிடமும் இந்த நோய் இருந்தது. அதைத் துருவி ஆராய்ந்த சி. கோபாலன் உங்கள் சேலத்துக்காரர். இதைச் சொல்லத்தான் உங்கள் கேள்வியை எடுத்தேன்.

தேயிலைத் தோட்ட அலுவலர், குன்னூர்
சேலத்துக்குப் பெருமை சேர்த்தால், எங்கள் ஊருக்கு?

உங்களுக்குத்தான் முதல் மரியாதை. 1918-ல் ராபர்ட் மக்கரிசன் என்ற டாக்டர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு கூடம்தான், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. வைட்டமின் பி1 குறைந்தால் வருவதுதான் பெரிபெரி. தீட்டிய பச்சரிசியில் பி1 போய்விடும். நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கும். புழுங்கல் அரிசியை மட்டமாகப் பேசும் சம்பந்தி யாராவது இருந்தால் இதைக் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம், விருதுநகர்
கணவர் குடித்துவிட்டுச் சாப்பிடாமலே படுக்கிறார். இரண்டு நாளாக நடை தள்ளாடுகிறது, கண் ஒரு மாதிரி ஆடுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார். குடிக்காத நேரத்திலும்.

அம்மா, இது போதை இல்லை. பி1 அடியோடு தீர்ந்துபோய் மூளை பாதிக்கப்படும் நிலையாக இருக்கலாம். அவசர சிகிச்சைக்குரியது. வீட்டில் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 'குடிப்பவர், சில வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை' என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். தயாமின், அதாவது பி1 ஊசி விலை குறைவு. நேரத்தில் போட்டால் ஞாபகசக்தியைக் காப்பாற்றலாம். குடியைப் பற்றிய பேச்சு அடுத்த வாரத்துக்கு.

யோகா ஆசிரியை, புதுச்சேரி
இந்துப்பு டென்ஷனைக் குறைக்குமா?

பர்ஸின் கனத்தைக் குறைக்கும். அயோடின் சேர்க்காத இந்துப்பையே வீடு முழுக்கச் சாப்பிட்டால், கர்ப்பிணியின் வயிற்றில் வளரும் சிசுவின் மூளைக்கு ஆபத்து. 1956-ல் இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியின் குழு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தது. கழுத்துக் கழலை சரசரவென்று இறங்கியது. நாடு முழுக்க அயோடின் உப்பு வந்ததற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். பாக்கெட்டில் 'அயோடின்' என்ற சொல்லைத் தேடுங்கள்.

இளம் வழக்கறிஞர், திருநெல்வேலி
சாப்பிட்ட நீதிபதி ஜாமீன் கொடுப்பார், பசித்த நீதிபதி கொடுக்க மாட்டார் என்று ஆய்வே இருக்கிறதாமே?

இஸ்ரேல் பரோல் வாரியத்தைப் பற்றி 2011-ல் வந்தது. இடைவேளைக்குப் பின் 65 சதவீதம் சாதகம், நேரம் போகப்போகப் பூஜ்யத்தை நெருங்கும் என்றது. உடனே மறுப்பும் வந்தது: வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வரிசையில் வந்தன. ஆக, டிபனைவிட வக்கீல் முக்கியம். வாதத்தைத் தயார் செய்யுங்கள்.

உளவியல் மாணவர், மதுரை
சாப்பாட்டை மாற்றினால் டிப்ரஷன் குறையும் என்பதற்கு உருப்படியான சான்று உண்டா?

உண்டு. 2017-ல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு, மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு 12 வாரம் காய்கறி, பயறு, மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய். மறு பாதிக்குத் துணைக்கு ஆள், பேச்சு. முதல் பாதியில் 32 சதவீதம் பேர் மீண்டார்கள், மறு பாதியில் 8. சின்ன ஆய்வு, தாங்கள் எந்தப் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒதுக்க முடியாது.

தேர்வில் எழுதவேண்டியது: அவர்களில் பலர் மாத்திரையையோ சிகிச்சையையோ தொடர்ந்தபடியேதான் சாப்பாட்டையும் மாற்றினார்கள். ஆலிவ் எண்ணெய்க்குக் கடன் வாங்க வேண்டாம். சுண்டல், கீரை, நிலக்கடலை, மத்தி மீன் எல்லாம் மதுரை மார்க்கெட்டிலேயே இருக்கிறது.

மீன் வியாபாரி, ராமேஸ்வரம்
மூளைக்கு வஞ்சிரமா, மத்தியா?

மத்தி. வஞ்சிரம் கௌரவத்துக்கு.

தாய், விழுப்புரம்
மகனுக்கு மனநோய் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து சட்டி சட்டியாகச் சாப்பிடுகிறான். உறவுக்காரர்கள் கேலி செய்கிறார்கள்.

கேலி செய்கிறவர்களுக்கு அன்று சாப்பாடு போடாதீர்கள். ஒலான்சபின், குளோசபின் போன்ற மாத்திரைகள் பசியைத் தூண்டும், எடையை ஏற்றும். பையனுடைய நாக்கு மீது தப்பில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் எடையைச் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. வீட்டில் முறுக்கு டப்பாவுக்குப் பதில் வெள்ளரிக்காய், கொய்யா, சுண்டல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

லித்தியம் எடுப்பவர், ஈரோடு
பிபிக்காக உப்பை அடியோடு விட்டுவிடலாமா?

டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது. உப்பு திடீரென்று குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகலாம். வாந்தி, பேதி, கடும் வெயில் நாட்களிலும் இதே எச்சரிக்கை. மூட்டுவலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்குவதும் வேண்டாம்.

அண்ணன், பட்டுக்கோட்டை
தங்கை இரண்டு மாதமாக எழுந்து குளிப்பதில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறாள். 'நல்லா சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்' என்று பாட்டி சத்துமாவு கரைத்துக்கொண்டே இருக்கிறார். என்ன செய்ய?

பாட்டியின் அன்பு சரி, வைத்தியம் போதாது. பசி போனதால் மனசு கெட்டது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மனசு கெட்டதால் பசி போயிருக்கும். சத்துக் குறை, தைராய்டு இரண்டையும் ரத்தத்தில் பார்க்கட்டும். கூடவே மனநல மருத்துவரையும் பார்க்கட்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. நம் நாட்டில் மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. உங்கள் தங்கை அந்தக் கணக்கில் சேர வேண்டாம்.

'ஏன் இப்படி இருக்கே' என்று கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து 'நான் கூட வரேன்' என்று சொல்லுங்கள். சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் தனியே விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள். கிளம்பும் முன் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ், எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.